பெஸ்டலாசி என்னும் உபாத்தியாயர்

நன்னூலின் பொதுப்பாயிரம் ஓதியோர், நல்லாசிரியர்க்கு நிலமும் மலையும் நிறைகோலும் மலரும் உவமையாதலையும், ஆசிரியராகத் தகாதார்க்குக் கழற்பெய்குடமும் மடற்பனையும் பருத்திக் குண்டிகையும் முடத்தெங்கும் உவமையாதலையும் அறிவர். அருளும் கலைத்தெளிவும் சொல்வன்மையும் உலகியலறிவும் ஆசிரியர்க்கு வேண்டுமென்று கூறுவதும் அந்நூலே. இவ்வளவுகோலைக் கையிற்கொண்டு மேனாட்டு ஆசிரியர் ஒருவரை அளந்து பார்க்க யாம் ஒருகால் முற்பட்டோம். அவர் பிழையின்றி எழுத வல்லரல்லர். அவர் கையெழுத்துப் படித்தற்கு அரிது. பேச்சோ தெளிவற்றது, குரலோ கம்மியது. உலகியலறிவு அவரிடம் இல்லை என்று அவருடைய நண்பரே வருந்தினர். நன்னூலார் முன் அவரை நிறுத்தின், வருந்தி உட்கொண்டதைப் பிறர்க்கு எளிதில் தாராத பருத்திக் குண்டிகையென்று ஒதுக்கியிருப்பாரோ என்று ஐயுறுகின்றோம். ஆயினும் அவர் பெயர் கூறாது தொடக்கக் கல்வியின் வரலாற்றை எழுத எவராலும் இயலாது. அவர்தாம் சுவிட்ஸர்லாந்து தேசத்து ஜோஹான் ஹைன்ரிக் பெஸ்டலாசி.

அவர் கண்ட கல்விமுறைகளைப் பற்றிப் பலர் விரிவாக எழுதியுள்ளனர். தம்மால் இது முடியும் என்னும் உறுதி அவரிடம் எப்பொழுது வளர்ந்தது, எப்பொழுது தேய்ந்தது, அதனோடு அவர் தொழிலும் உள்ளமும் எங்ஙனம் ஏறியிறங்கின என்பதே எமக்கு வேண்டுவது. எம் வகுப்பினருட் பலர் நாளை ஆசிரியராகப் போகின்றவர். ஆதலின் இஃது எமக்குப் புறக்கதையன்று.

பெஸ்டலாசி 1746-ஆம் ஆண்டு ஜனவரி மாதம் 12-ஆம் நாள் சூரிக் நகரிற் பிறந்தார். வைத்தியராகிய தந்தையார் 1751-இல் இறந்தார். மரணப்படுக்கையிலிருந்த எசமானர்க்கு வாக்களித்தபடியே, பாபெலி என்னும் பணிப்பெண் மணமும் செய்துகொள்ளாது அக்குடும்பத்தை விட்டகலாது காத்தாள். பெண்டிர் கையில் வீட்டினுள்ளேயே வளர்ந்த சிறுவன் ஆதலின், பள்ளியில் உடன் பயின்றோர்க்கு அவர் நகைப்பொருளாயினார். பித்தனூர்ப் பிள்ளை என்னும் பொருள்பட ஒரு பட்டப்பெயரும் வைத்தனர். விடுமுறை நாட்களில் ஹோங் என்னும் சிற்றூரிற் குருவாயிருந்த பாட்டனாரிடம் போவார். அப்பெரியவர் ஏழைகளின் குடிசைகளையும் பள்ளியையும் பார்க்கச் செல்லுங்கால் பேரனையும் உடன் கொண்டு செல்வார். ஏழைக் குழந்தைகளின் முகம் அவர் நெஞ்சிற் பதிந்தது அங்கேதான்.

வாலிபத்தில் அவர் தொட்டதொன்றும் துலங்கவில்லை. குருத்துவத்துக்குப் படித்தார், முதற் பிரசங்கத்திலேயே தடுமாறினார் என்பர். சட்டம் படிக்க எண்ணினார், அதனையும் விட்டார். ரூஸோவின் எமீல் 1762-இல் வெளிவந்தது. அதனைப் படித்து மயங்கி, நிலத்தை உழுது வாழ்வதே நல்வாழ்வென்று துணிந்து, பிர் என்னும் ஊரினருகே தரிசு நிலம் வாங்கி அதற்கு நாய்ஹோப், அஃதாவது புதுப்பண்ணை, என்று பெயரிட்டார். 1769-இல் ஆன்னா ஷுல்ட்ஹெஸ் என்னும் நங்கையை மணந்தார். மணத்துக்கு முன்னர் அவ்வம்மையார்க்கு எழுதிய கடிதமொன்றில் தம் குறைகளையெல்லாம் ஒன்றுவிடாது வரிசையாக எழுதியனுப்பினார். தம்மை விட எட்டாண்டு மூத்தவராகிய அவ்வம்மையார் அதனைப் படித்த பின்னரும் அவரை மணக்க இசைந்தார். பண்ணை கெட்டது, கடன் ஏறியது. 1774-இல் அதே இடத்தில் ஏழைக் குழந்தைகளைச் சேர்த்து, நூல் நூற்கவும் நெசவு செய்யவும் கற்பித்து, அவர்கள் உழைப்பின் ஊதியத்தாலேயே அவர்களுக்குக் கல்வியும் உணவும் அளிக்க முயன்றார். 1780-இல் அதுவும் மூடப்பட்டது. ஆன்னா அம்மையாரின் சீதனமும் அதனோடு போயிற்று.

பின்னர்ப் பதினெட்டாண்டு வறுமை. பாஸல் நகரத்து ஈஸாக் ஈஸெலின் என்னும் நண்பர் எழுதும்படி தூண்டினார். 1781-இல் வெளிவந்த லீன்ஹார்டும் கெர்ட்ரூடும் என்னும் கிராமத்துக் கதை ஜெர்மன் மொழி பேசும் நாடெங்கும் படிக்கப்பட்டது. புகழ் கிடைத்தது. 1792-இல் பிரெஞ்சுக் குடியரசு வாஷிங்டனுக்கும் ஷில்லருக்கும் அளித்தது போன்றே கௌரவக் குடியுரிமையை இவர்க்கும் அளித்தது. ஆயினும் ஊரார் கண்ணில் அவர் சொந்தக் குடும்பத்தையே நடத்தத் தெரியாத ஒருவர். அவர் எழுதியதை மெச்சியவரும் அவரிடம் ஒரு காரியத்தை ஒப்புவிக்க அஞ்சினர். நூல் பாராட்டப்பட்டது அவர்க்கு மகிழ்ச்சி தந்ததாகத் தெரியவில்லை. அக்கதையைக் கதையென்றே எல்லோரும் படித்தனர், செய்யவேண்டிய காரியமாக எவரும் எடுத்துக்கொள்ளவில்லை என்பதே அவர் மனக்குறை.

1798-இல் சுவிட்ஸர்லாந்திற் புதிய அரசு அமைந்தது. கல்வியமைச்சராகிய ஸ்டாப்பர் இவரை நன்கு அறிந்தவர். உயர்ந்த பொறுப்புக்களை அளிக்க முன்வந்தார். தமக்கு வேண்டுவது பள்ளி உபாத்தியாயர் வேலையென்று பெஸ்டலாசி கூறினார். அப்பொழுது அவர்க்கு வயது ஐம்பத்திரண்டு.

அவ்வாண்டு செப்டம்பர் 9-ஆம் நாள், புதிய அரசுக்கு அடங்க மறுத்த நித்வால்டென் நாட்டில் பிரெஞ்சுப் படை புகுந்தது. ஸ்டான்ஸ் என்னும் ஊரும் சூழவிருந்த சிற்றூர்களும் எரிந்தன, நூற்றுக்கணக்கானோர் மாண்டனர், குழந்தைகள் தாய்தந்தையரின்றித் திரிந்தனர். அவர்களைக் காக்க அரசினர் பெஸ்டலாசியை அனுப்பினர். 1799-ஆம் ஆண்டு ஜனவரி மாதம் 14-ஆம் நாள், இன்னும் கட்டிமுடியாத ஒரு மடத்தின் பகுதியில் அநாதசாலை திறக்கப்பட்டது. சமையற்கூடம் இல்லை, படுக்கை போதவில்லை, சுவரின் சுண்ணாம்பு உலரவில்லை. வந்த குழந்தைகளோ சொறியும் பேனும் பிடித்து, எலும்புந் தோலுமாயிருந்தனர். சிலர் பிச்சையெடுத்துப் பழகினவர், சிலர் எவரையும் நம்பாதவர். எண்பது பேர் வரை சேர்ந்தனர். அவர்க்குத் துணையென வீட்டுவேலைக்கு ஒரு பெண்பிள்ளை மட்டுமே இருந்தாள். அவ்வூரார் கத்தோலிக்கர், இவரோ புரோட்டஸ்டண்டு சமயத்தவர், அதன்மேலும் தம் வீடுகளை எரித்த அரசினால் அனுப்பப்பட்டவர். பெற்றோரும் உற்றாரும் வந்து குழந்தைகளின் காதிற் குறைகூறிச் சென்றனர். புத்தாடை கிடைத்தவுடன் ஓடிப்போன குழந்தைகளும் உண்டு.

இந்நிலையில் வேறொரு மனிதர் உதவியாட்களைக் கேட்டு அரசினர்க்கு எழுதியிருப்பார். இவர் தாமே அவர்களைக் கழுவினார், உணவூட்டினார், நோய் தீர்த்தார், அவர்களிடையே படுத்துறங்கினார். உறங்கும் வரை அவர்களோடு பேசிக்கொண்டும் ஜெபித்துக்கொண்டும் இருந்தார். பகலில் எழுத்தும் கணக்கும் கற்பித்தார். புத்தகம் இல்லை, ஆதலின் எண்பது குழந்தைகளும் ஒருசேர அவர் சொன்னதைச் சொல்லவும், சொல்லிக்கொண்டே கையால் எழுதவும் பழகினர். விரைவிற் கற்ற குழந்தை இருபுறமும் இரு குழந்தைகளை அணைத்துக்கொண்டு தான் கற்றதைக் கற்பித்தது. முறை முன்னரே வகுக்கப்பட்டதன்று, தேவையினாற் பிறந்தது. சில வேளைகளில் அவர் குழந்தைகளை அடித்ததும் உண்டு. அதனை அவரே மறையாது எழுதி, அன்பை அறிந்த குழந்தைகள் அதனை வேறாக எடுத்துக்கொள்ளவில்லை என்று காரணமும் கூறுகின்றார். அக்காரணம் எமக்கு முழுதும் உடன்பாடன்று. அடித்தவர்க்கு அவ்வாறு தோன்றுவது இயல்பே.

ஏப்ரல் மாதத்தில் அல்ட்டோர்ப் என்னும் ஊர் தீக்கிரையாயிற்று. பெஸ்டலாசி தம் குழந்தைகளைக் கூட்டி, அவ்வூர் அநாதைகளுள் இருபதின்மரை இங்கே ஏற்கலாமா என்று கேட்டார். ஏற்றால் உங்கள் உணவு குறையும், வேலை மிகும், உடையையும் பங்கிட நேரும் என்பதையும் எடுத்துரைத்தார். அவர்கள் இசைந்தனர். மூன்று மாதத்துக்கு முன் ஒரு ரொட்டித் துண்டுக்கு ஒருவரையொருவர் கீறிக்கொண்ட குழந்தைகள் இவர்களே. அன்று பெஸ்டலாசி தம்மைப் பற்றி ஏதோ ஒன்றை அறிந்துகொண்டார் என்று கருதுகின்றோம். இருபத்தைந்தாண்டாக ஊரார் அவரைப் பயனற்றவரென்றனர். அதனை அவரும் ஒருவாறு நம்பியிருந்தார். அவர்களுடைய அத்தீர்ப்பைக் குழந்தைகளின் இந்த இசைவு மாற்றியெழுதியது.

ஜூன் மாதம் 8-ஆம் நாள் அக்கட்டடம் காயம்பட்ட வீரர்க்கு மருத்துவசாலையாக வேண்டப்பட்டது. பெரும்பாலான குழந்தைகள் வெளியே அனுப்பப்பட்டனர். ஐந்தே மாதத்தில் எல்லாம் முடிந்தது. பெஸ்டலாசி குர்னிகல் மலைக்குச் சென்றார். உடல் முற்றுந் தளர்ந்திருந்தது. இதுவும் தோற்றது என்றே உலகம் சொல்லிற்று. அவர் அவ்வாறு சொல்லவில்லை. மலையினின்று இறங்கியவுடன் அவர் தேடியது மற்றொரு பள்ளியை.

அப்பள்ளி புர்க்டோர்ப் நகரிற் கிடைத்தது. கிடைத்த விதந்தான் நகைப்புக்கிடமானது. நகரத்திற் குடியுரிமையற்ற ஏழைகளின் பிள்ளைகள் படித்த பள்ளியது. அதன் ஆசிரியர் டிஸ்லி என்பார் செருப்புத் தைப்பவர். ஒரே அறையில் செருப்பும் தைத்தார், பாடமும் சொன்னார். அவ்வறையில் ஒரு பாதியைப் பெஸ்டலாசிக்கு அளித்தனர். ஒருபுறம் வினாவிடைப் புத்தகத்தை நெட்டுருச் செய்யும் ஓசை. மறுபுறம் இப்பெரியவர் அசைகளை உரக்கக் கூவ, பிள்ளைகளும் உடன் கூவினர். சில வாரங்களுக்குள் பெற்றோர் முறையிட்டனர். வினாவிடையும் சங்கீதமும் இல்லாத படிப்பு என்ன படிப்பு? சோதனை செய்ய வேண்டுமாயின் நகரத்தாரின் பிள்ளைகளிடம் செய்யட்டும். எங்கள் பிள்ளைகள்தாமா கிடைத்தனர் என்பது அவர்கள் முறையீடு. எழுதவும் கணக்கிடவும் தெரியாதவரென்றும் அவரைப் பற்றிப் பேச்செழுந்தது. ஐரோப்பா முழுதும் அறிந்த நூலாசிரியர் ஒருவர் ஐம்பத்து மூன்றாம் வயதில் செருப்புத் தைப்பவரின் பள்ளியிலிருந்து வெளியேற்றப்பட்டார்.

ஈண்டு எம்மைப் பற்றி ஒரு சொல். கோடை விடுமுறையில் ஓய்வுநாட் பாடசாலை ஒன்றில் இருபது சிறுவர்க்குப் பாடஞ் சொல்ல யாம் ஒருமுறை நின்றோம். முன் வரிசைப் பையன் ஒருவன் கொட்டாவி விட்டான். அவ்வளவில் எம் நா உலர்ந்தது, கதையின் நடுவை மறந்தோம். ஒரு கொட்டாவிக்கே இந்நிலையெனின், ஊரார் முறையீட்டைத் தாங்கிய நெஞ்சின் உரத்தை என்னென்பது!

அவர் நகரத்தை விட்டுப் போகவில்லை. ஸ்டேலி என்னும் அம்மையார் நடத்திய பள்ளியில் ஐந்து முதல் எட்டு வயது வரையுள்ள குழந்தைகளுக்குக் கற்பிக்க இடம் பெற்றார். அங்கிருந்தும் துரத்திவிடுவரோ என்று அஞ்சியவராய்க் காலை முதல் மாலை வரை குரல் கம்ம உழைத்தார். சுவரில் தொங்கிய பழந்துணி கிழிந்திருந்தது. அதன் ஓட்டைகளைக் காட்டி, எத்தனை, எங்கே, என்ன வடிவம், நீளமா வட்டமா என்று குழந்தைகளைக் கொண்டே சொல்லுவித்தார். கண்ணாற் கண்டதைச் சொல்லாக்குதலே அறிவின் தொடக்கம் என்னும் அவர் கொள்கை அக்கிழிந்த துணியில் உருப்பெற்றது. பின்னாளில் சார்லஸ் மேயோ என்னும் ஆங்கிலக் குரு 1819-இல் அவரிடம் வந்து தங்கி இதனை இங்கிலாந்துக்குக் கொண்டுசென்றார். அங்கிருந்து பொருட்பாடம் என்னும் பெயரால் நம் நாட்டு ஆரம்பப் பாடசாலைகளுக்கும் அது வந்து சேர்ந்தது.

எட்டு மாதங் கழித்து, 1800-ஆம் ஆண்டு மார்ச்சு மாத இறுதியில், பள்ளி மேற்பார்வைக் குழுவினர் அக்குழந்தைகளைச் சோதித்தனர். முன்பு ஓராண்டில் எழுத்துக்கூட்டி வாசிக்கவே முட்டுப்பட்ட சிறு பருவத்தில், இக்குழந்தைகள் வாசித்தனர், எழுதினர், கணக்கிட்டனர். குழுவினர் அவரைப் புகழ்ந்து சான்றுக் கடிதம் அளித்தனர். ஐம்பத்து நான்கு வயதுவரை அவருடைய தொழிலை நேரிற் சோதித்துப் பார்த்து நன்றென்று எழுதித் தந்தவர் எவருமிலர், இதுவே முதல். உளநூல் வல்லார் ஆல்பர்ட் பண்டூரா 1977-இல் எழுதியபோது, தன்னாற்றலிற் கொள்ளும் நம்பிக்கை தானே செய்து வெற்றி காண்டலாலும், தன்னையொத்தார் வெற்றியைக் காண்டலாலும், பிறர் ஊக்குரையாலும், அவ்வேளை உடலும் உள்ளமும் இருக்கும் நிலையாலும் உண்டாவதென்று வகுத்தார். அந்நான்கனுள் முதலாவதே வலியதென்பதும் அவர் கருத்து. ஸ்டான்ஸில் அம்முதலாவது கிடைத்தது. புர்க்டோர்பில் அதன்மேல் மூன்றாவதும் சேர்ந்தது. அதன் விளைவை நாட்டார் விரைவிற் கண்டனர். அரசினர் அந்நகரத்துக் கோட்டையையே அவர் பள்ளிக்கு அளித்தனர். 1801-இல் கெர்ட்ரூட் தன் மக்கட்குக் கற்பிக்கும் முறை என்னும் நூல் வெளிவந்தது. பலவிடத்தினின்றும் ஆசிரியர்கள் அவரிடம் கற்க வந்தனர்.

அவரைச் சேர்ந்த துணையாசிரியர்களின் வரலாறு தனியே எழுதத்தக்கது. ஹெர்மன் க்ரூசி என்பார் பதினெட்டாம் வயதில் நூற்சுமை தூக்கி மலைப்பாதையிற் செல்லுங்கால், அறிந்தவர் ஒருவர் எதிர்ப்பட்டு, காய்ஸ் என்னும் ஊரில் உபாத்தியாயர் வேலை காலியென்று கூறித் தூண்டினார். தமக்கு ஒன்றும் தெரியாதே என்று தயங்கிய இளைஞர் தேர்வுக்குப் போனார். கர்த்தருடைய ஜெபத்தை எழுதச் சொன்னார்கள். எழுத்தில் பெரிய எழுத்துக்கள் இடையிடையே வருதலைக் கண்டிருந்தார்; எங்கே வருமென்று அறியார்; அழகுக்காகச் சொற்களின் நடுவிலும் அவற்றை இட்டு எழுதினார். போட்டியிட்டவர் இவரினும் குறைந்தவர். இவர் இளையவர், கற்றுக்கொள்வார் என்று இவரையே நியமித்தனர். இத்தகையவர் புர்க்டோர்புக்கு அநாதைக் குழந்தைகளுடன் வந்து பெஸ்டலாசியோடு சேர்ந்தார். பூஸ் என்பவர் புத்தகம் கட்டுபவர். ராம்ஸௌவர் பத்து வயது மாணாக்கராக வந்து பின்னர் ஆசிரியரானவர். தம்மைக் குறைந்தவரென்றெண்ணிய இவர்களெல்லாரும், தம்மினும் குறைகள் மிகுந்த ஒரு கிழவர் குழந்தைகளிடையே நின்று வெல்வதைக் கண்டு தாமும் துணிந்தனர். தொடக்கத்தில் அவர்கட்குச் சம்பளமில்லை; உண்டி, உடை, உறையுள் மட்டுமே. ஆயினும் முகமலர்ந்து உழைத்தனர் என்பதற்கு அவர்கள் எழுதிவைத்த நினைவுகளே சான்று.

1805 முதல் இவெர்டோன் நகரத்துக் கோட்டையிற் பள்ளி நடந்தது. இக்காலமே உலகம் அவரை அறிந்த காலம். மாணாக்கர் நூற்றைம்பதுக்கு மேற்பட்டனர். பிரஷ்ய அரசினர் இளைஞரை அனுப்பினர்; ப்ரோபெல் 1808 முதல் 1810 வரை அங்கே தங்கினார். வண்டி வண்டியாகப் பிரபுக்கள் வந்து பார்த்துச் சென்றனர். வந்தவர்க்குப் பள்ளியைக் காட்டுவதே அவர் வேலையாயிற்று; குழந்தைகளோடு இருக்கும் நேரம் குறைந்தது. கணக்கு வழக்குகள் பெருகின. நீடெரர் என்னும் குருவானவர் அவருடைய எளிய கருத்துக்களைத் தத்துவமாக விரித்தெழுதினார். தம் முறையைப் பற்றித் தமக்கே விளங்கவில்லை, நீடெரரைக் கேளுங்கள் என்று கிழவரே சொல்லும் நிலை வந்தது. ஷ்மிட் என்னும் கணக்காசிரியர் நிர்வாகத்தில் வல்லவர், பிறரோடு இணங்காதவர். இவ்விருவர்க்கும் இடையே பகை மூண்டது.

1808-ஆம் ஆண்டுப் புத்தாண்டு நாளில், பள்ளியார் அனைவரும் கூடியிருக்க, பெஸ்டலாசி ஒரு சவப்பெட்டியை வரவழைத்து வைத்து, அதனருகே நின்று பேசினார். தாம் அப்பணிக்குத் தகாதவர், தம் குறைகளால் எல்லாம் கெட்டது, தமக்குரிய இடம் அப்பெட்டியே என்பது அவர் பேச்சின் பொருள். ஸ்டான்ஸில் உலராத சுவர்களிடையே எண்பது குழந்தைகளோடு தனித்து நின்றபோது கலங்காதவர், புகழின் உச்சியில், ஆசிரியர் பலர் சூழ நின்று, தம்மை இறந்தவரோடு எண்ணினார். எம் சிந்தையை அடிக்கடி மீட்டும் இழுப்பது இக்காட்சியே. புகழும் வசதியும் உபாத்தியாயர்க்கு மனநிறைவு தருமென்பார் இதனைக் காண்க. அவருடைய உறுதி குழந்தை கற்பதைத் தம் கண்ணாற் காண்பதில் ஊன்றியிருந்தது. அக்காட்சி அவரைவிட்டு அகன்றபோது, விருந்தினரின் பாராட்டு அதற்கு ஈடாகவில்லை.

அவரே வேண்டிக்கொண்டதன்மேல் 1809-இல் அரசாங்கத்தார் ஒரு குழுவை அனுப்பிப் பள்ளியைச் சோதித்தனர். கத்தோலிக்கக் குருவாகிய ஜிரார் எழுதிய அறிக்கை கனிவுடையதேயெனினும், இப்பள்ளி நாட்டின் பொதுப்பள்ளிகளோடு பொருந்தாதென்று முடித்தது. முன்பு ஒரு குழுவின் சான்று அவரை எழுப்பியது. இன்று வேறொரு குழுவின் அறிக்கை அவரை வீழ்த்தியது. 1815 டிசம்பரில் ஆன்னா அம்மையார் இறந்தார். மறுவாண்டு க்ரூசியும், அதன் மறுவாண்டு நீடெரரும் பிரிந்தனர். வழக்குகள் தொடர்ந்தன. ஆயினும் 1818-இல், தம் நூல்களின் தொகுப்பால் வந்த பணத்தைக் கொண்டு, இவெர்டோனுக்கு அருகில் க்ளாண்டி என்னுமிடத்தில் ஏழைக் குழந்தைகட்கு ஒரு பள்ளி திறந்தார். எழுபத்திரண்டாம் வயதில், சிறிது காலம், பழைய முகமலர்ச்சி அவரிடம் திரும்பியது என்று கண்டவர் எழுதினர். அதுவும் விரைவில் பெரிய பள்ளியோடு கலந்து மறைந்தது.

1825-இல் இவெர்டோன் பள்ளி மூடப்பட்டது. அவர் பேரனிருந்த நாய்ஹோப் பண்ணைக்கே திரும்பி, அன்னப்பாட்டு என்னும் நூலில் தம் வாழ்வையும் பிழைகளையும் எழுதினார். அங்கே மீண்டும் ஏழைகட்கு ஒரு பள்ளி கட்டத் தொடங்கினார். 1827 பிப்ரவரி 17-ஆம் நாள் புருக் நகரில் உயிர் நீத்தார்; பிர் கிராமத்துப் பள்ளிக்கூடத்தருகே அடக்கப்பட்டார். 1846-இல், அவர் பிறந்த நூறாவது ஆண்டில், ஆர்காவ் மாகாணத்தார் அவ்வூரிற் புதிய பள்ளிக்கூடம் ஒன்று எழுப்பி, அதன் சுவரிலேயே அவர் நினைவுச்சின்னத்தை அமைத்தனர். கல்லறை அச்சுவரின் அடியில் உள்ளது.